இடையில் நிற்கும் பணம்

வரி இருவகைப்படும் என்பர். வருமான வரியைச் செலுத்துபவர் தாம் செலுத்துவதை அறிந்தே செலுத்துகிறார். மறைமுக வரியோ பொருளின் விலைக்குள் ஒளிந்து வருகிறது. அலங்காநல்லூர் வயல்களில் கரும்பு வெட்டும் தொழிலாளி வருமான வரி அலுவலகத்தின் வாசலை ஒருநாளும் மிதித்திருக்க மாட்டார். ஆயினும் பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் வீட்டுக்குச் சோப்பும் வாங்கும் போதெல்லாம் அவரும் வரி செலுத்துகிறார். அவர் கொடுத்த வரி நேராக அரசின் கருவூலத்தைச் சென்றடைவதில்லை. வணிகரின் கல்லாவில் சில நாள் தங்கியே செல்கிறது. அவ்வாறு இடையில் நிற்கும் பணம் யாருடையது? இக்கேள்வியைச் சற்றே சிந்திப்போம்.

நம் மாநிலத்துக்கு இது புதிய கேள்வி அன்று. மதுவிலக்கினால் இழந்த வருவாயை ஈடுசெய்ய, 1939-ஆம் ஆண்டிலேயே இராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. 2007-இல் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரியும் அதன் இடத்தைப் பிடித்தன. பெயர்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வரி என்று சொல்லி வாங்கியதை அரசுக்குச் செலுத்தியே தீரவேண்டும் என்பதே இன்றைய சட்டமும் கூறுவது. ஆக, அப்பணத்துக்கு வணிகர் உரிமையாளர் அல்லர், காவலர் மட்டுமே.

இதனால் வரியைக் குறைத்துக்கொள்ளும் முயற்சி யாவும் பாவம் என்று நாம் கூறவில்லை. 2022 ஜூலை 18 முதல், பையிலிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. உடனே தமிழகக் கடைகளில் 26 கிலோ மூட்டைகள் தோன்றின. சட்டமே திறந்துவைத்த வாசல் வழியே சென்றவர் யாரையும் ஏமாற்றவில்லை. “பில் வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டு, வரி சேர்ந்த விலையையே வாங்கிக்கொண்டு, கணக்கில் எழுதாமல் விடுவது இதனினும் முற்றிலும் வேறானது. அங்கே மறைக்கப்படுவது வணிகரின் பணம் அன்று. வாங்கியவர் பொதுநலத்துக்கென்று கொடுத்த பணம்.

இக்கேள்வியின் கூர்மை 2025 செப்டம்பர் 22 அன்று நன்கு புலப்பட்டது. அன்றுமுதல் சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. டிராக்டருக்கு 12 விழுக்காடு 5 ஆனது. பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லாமற் போயிற்று. வரி நீங்கலாக 100 ரூபாய் விலையுள்ள சோப்புப் பெட்டி 118 ரூபாயிலிருந்து 105 ரூபாய்க்கு இறங்க வேண்டும். இடையிலுள்ள 13 ரூபாய் வாங்குபவருக்கு உரியது.

வரிக் குறைப்பின் பயனை வாங்குபவருக்கு அளிக்கவேண்டும் என்று சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு பணிக்கிறது. இதைக் கண்காணிக்க 2017-இல் ஓர் ஆணையம் ஏற்படுத்தப்பட்டது. 2022 டிசம்பரில் அப்பணி இந்தியப் போட்டி ஆணையத்துக்கும், 2024 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் மாறியது. 2025 ஏப்ரல் 1 முதல் புதிய முறையீடுகள் ஏற்கப்படமாட்டா என்றும் அறிவிக்கப்பட்டது. நுகர்வோர் உதவி எண் இருந்தது உண்மையே. ஆயினும் பெரும் வரிக் குறைப்பு வந்த வேளையில், 171-ஆம் பிரிவுக்கெனத் தனியே இருந்த வாயில் மூடியிருந்தது. சட்டத்தின் கண் மூடிய இடத்தில் மனச்சான்றின் கண் விழித்திருந்ததா என்பதே கேள்வி.

இங்கும் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டாத சிறுகடைக்காரர் இவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பழைய சரக்குக்கு அவர் கொடுத்த 18 விழுக்காடு அவருக்குத் திரும்பி வராது. அச்சரக்கைப் பழைய விலைக்கே விற்றால் அவரைக் குறைகூற இயலாது. பதிவுபெற்ற பெருவணிகரோ, தாம் கொடுத்த வரியைப் பின்னர்த் தம் கணக்கில் ஈடுசெய்து கொள்ளலாம். அவர் விலையைக் குறைக்க மறுத்தால் அது பிறர் பொருளை வைத்துக்கொள்வதே. ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் சில்லறை பிரிக்க இயலவில்லை என்பாரும் உளர். எடையைக் கூட்டித் தர வழி உண்டன்றோ?

“அரசே நம் பணத்தை வீணாக்குகிறதே, நாம் மட்டும் ஏன் நேர்மையாயிருக்க வேண்டும்?” என்று கேட்பவர்கள் நம் நடுவில் பலர். இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. செல்வரும் ஏழையும் ஒரே சோப்புக்கு ஒரே வரி கொடுப்பதில் ஏழையின் சுமையே பெரிது. மிகையான வரியால் மக்களின் உடைமையை உறிஞ்சலாகாது என்று பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-லேயே அரசுகளை எச்சரித்தார். நேரிய வரியை வஞ்சகமாய்த் தவிர்ப்பவரை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் கண்டித்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது. அரசின் தவற்றை வாக்காலும் வழக்காலும் எதிர்ப்போம். வரியை மறைப்பதால் தண்டிக்கப்படுவது அரசு அன்று; அப்பணத்தைக் கொடுத்த கரும்புத் தொழிலாளியே.

எரிகோவின் சக்கேயு வரிதண்டுவோருக்குத் தலைவராயிருந்தவர். ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர அவர் முன்வந்தபோது, எந்த அதிகாரியும் அவர் கணக்கைத் தணிக்கை செய்யவில்லை. நம்மிடம் கேட்கப்படுவது அதனினும் எளியது. விற்பவராயின் குறைந்த விலையைக் கடை முகப்பிலே எழுதி வைப்போம். வாங்குபவராயின் பில்லைக் கேட்டுப் பெறுவோம். பிறர் பணம் நம் கையில் தங்கும் சில நாள்களில் அதை நம் பணமென்று எண்ணாதிருப்போம்.