விலகியபின் இருப்பது

அதிகாரத்தைத் துறப்பது பற்றி நம்மிடம் கதைகள் ஏராளம். அவை துறந்தவனின் பெருமையைப் பேசும். ஏற்றுக்கொண்டவனின் நிலையை விசாரிப்பதில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் சில நொடிகளில் நடக்கும் கைமாற்றம் அந்த விசாரணைக்கு இடம் தருகிறது என்று எனக்குப் படுகிறது.

மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது சிப்பில் பதிந்துள்ள ஃபர்ம்வேர். நினைவகத்தைத் தயார்செய்து, இயக்க அமைப்பின் மையமான கர்னல் வந்து சேர வழிசெய்துவிட்டு அது ஒதுங்கவேண்டும். 1981-இன் ஐ.பி.எம். பி.சி.யில் பயாஸ், வட்டின் முதல் 512 பைட்டுகளை ஏற்றி அங்கே தாவிவிடும். ஆனால் டாஸ் எதற்கெடுத்தாலும் பயாஸையே கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் இதை விலகல் என்பது மிகை. பின்னால் வந்த யூ.இ.எஃப்.ஐ. விதிமுறையில் விலகலுக்கென்றே ஓர் அழைப்பு உண்டு: 'எக்ஸிட் பூட் சர்வீசஸ்'. அதற்குமுன், நினைவகத்தின் எந்தப் பகுதி எதற்கு என்ற வரைபடம் ஒரு சாவி எண்ணுடன் தரப்படும். இடையில் ஏதாவது மாறியிருந்தால் சாவி செல்லாது. புதிய வரைபடம் வாங்கவேண்டும். நாங்கள் வங்கியில் சார்ஜ் ஒப்படைக்கும்போது ரொக்கத்தை மறுபடி எண்ணுவதைப் போலத்தான்.

இதற்குப் பிறகும் ஃபர்ம்வேர் முழுக்கப் போய்விடுவதில்லை. கடிகாரம், ரீசெட் போன்ற சில சேவைகளை வைத்துக்கொள்கிறது. அதை வரைபடத்திலேயே சொல்லியும்விடுகிறது. கர்னல் கூப்பிட்டால் வரும். இதில் நான் குறை காணவில்லை.

சிக்கல் வேறிடத்தில். 1990-இல் இன்டெல்லின் 386 எஸ்.எல். சிப்புடன் 'சிஸ்டம் மேனேஜ்மெண்ட் மோட்' வந்தது. மடிக்கணினியில் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக. ஒரு சமிக்ஞை வந்தால் கர்னல் பாதியில் நிறுத்தப்படும். கர்னல் படிக்கமுடியாத நினைவகத்திலிருந்து ஃபர்ம்வேரின் ஆணைகள் ஓடும். பிறகு விட்ட இடத்திலிருந்து கர்னல் தொடரும், ஏதும் நடவாததுபோல. வரைபடத்தில் அந்த இடத்துக்கு நேரே பெரும்பாலும் 'ஒதுக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்தான். வெப்பத்தைக் கவனிப்பது போன்ற நல்ல காரியங்கள்தாம் நடக்கின்றன என்பார்கள். இருக்கலாம். மாற்றலாகிப்போன மேனேஜர் ஒருவர் பழைய கிளைக்குத் தினமும் போன் செய்து, புதியவருக்குத் தெரியாமல் லோன் ஃபைல்களை நகர்த்திக்கொண்டிருந்தார். அவரும் கிளையின் நன்மைக்குத்தான் என்றார். காரியம் நல்லதா என்பதல்ல கேள்வி. பொறுப்பை ஏற்றவனுக்கு அது தெரியுமா என்பதே.

இயந்திரத்துக்கு ஏது அறம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இயந்திரத்துக்கு இல்லைதான், விதி எழுதியவர்கள் மனிதர்கள்.

2016-இல் லினக்ஸ் கர்னலில் ஒரு சோதனைக் கருவி சேர்ந்தது. மற்றக் குறுக்கீடுகளையெல்லாம் அடைத்துவிட்டு அது கடிகாரத்தையே திரும்பத் திரும்பப் படிக்கும். இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே காரணமில்லாத இடைவெளி விழுந்தால், யாரோ வந்துபோயிருக்கிறார்கள். என்ன செய்தார்கள் என்பதைக் கடிகாரம் சொல்லாது.

அந்த நினைவகத்துக்கு ஒரு பூட்டும் உண்டு. தீய நிரல்கள் உள்ளே புகாமலிருக்க அது அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. கர்னலிடம் ஒப்படைக்குமுன் ஃபர்ம்வேர் அதைப் பூட்டிவிடவேண்டும். அடுத்த ரீசெட் வரை அது திறக்காது.