‘தெரியாமல் இடித்துவிட்டேன்’

வேண்டுமென்று செய்யாத தீங்கிற்கு ஒருவர் எதுவரை பொறுப்பாவார்? எனக்கு இவ்வினாவை எழுப்பியது அறநூல் அன்று. ஒரு வாடகை மிதிவண்டி.

1983-ஆம் ஆண்டு, கோவைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மணி வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டி வந்து, இறக்கத்தில் நிறுத்த இயலாமல், பள்ளி வாயிலில் கீரை விற்ற மூதாட்டியின் மீது மோதினான். கீழே விழுந்தவர் மெல்ல எழுந்து அமர்ந்து, “ஒண்ணுமில்லீங்க டீச்சர், பையனை அடிச்சுப் போடாதீங்க” என்றார். மாணவனை மன்னிப்புக் கேட்கச் செய்தேன். சிதறிய கீரைக் கட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தோம். அத்துடன் முடிந்ததென்று எண்ணி வகுப்பறைக்குத் திரும்பினேன்.

முடியவில்லை. நொண்டியபடி வீடு சென்றவர் சில நாட்களில் படுக்கையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டும் கால் நேராகவில்லை. கீரைக் கூடை மீண்டும் பள்ளி வாயிலுக்கு வரவில்லை. அவருக்குத் துணையிருக்க, என்னிடம் ஐந்தாம் வகுப்பு பயின்ற பேத்தி படிப்பை நிறுத்தினாள். காரணம் என்னவென்று கேட்டறியாமலே அச்சிறுமியின் பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கியவள் நான். பல மாதங்கள் கழித்தே உண்மையை அறிந்தேன்.

மோட்டார் வண்டி மோதினால் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். சைக்கிள் தானே என்றால் தூசியைத் தட்டிவிட்டுச் செல்கிறோம். முதுமையில் எலும்பு மெலிந்திருக்கும். சிறு வீழ்ச்சியே இடுப்பை முறிக்கப் போதும். முறிந்த முனைகள் ஒன்றினுள் ஒன்று பதிந்துகொண்டால் சில நாட்கள் நடக்கவும் இயலும். தலையில் பட்ட அடியால் மூளையைச் சுற்றி இரத்தம் மெல்லக் கசிந்து, தலைவலியும் மறதியும் தள்ளாட்டமும் சில வாரங்கள் கழித்துத் தோன்றுவதுண்டு. காயம் ஆறினும் விழுந்துவிடுவோம் என்னும் அச்சம் ஆறாமல், வீதிக்கும் கோயிலுக்கும் செல்வதையே நிறுத்தியவர் பலர்.

‘இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதம் சங்கல்பத்துடன் செய்யும் ஹிம்சையைத்தானே விலக்குகிறது? அம்மாணவன் அறியாமல் அல்லவோ மோதினான்?’ என அன்பர்கள் வினவலாம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், பிரமாதத்தினால், அதாவது விழிப்பின்மையினால், உயிருக்கு நேரும் கேட்டையே ஹிம்சை என வரையறுக்கின்றது. குந்தகுந்த ஆசார்யரோ பிரவசனசாரத்தில் இன்னும் நுட்பமாக, விழிப்பின்றி நடப்பவனுக்கு உயிர் மடியினும் மடியாவிடினும் ஹிம்சை உண்டு. விழிப்புடன் நடப்பவனுக்கு அத்தீங்கினால் மட்டும் பந்தம் இல்லை என்கிறார். முனிவர்கள் நுகத்தடி நீளம் முன்னே நோக்கி நடக்கும் ஈர்யா சமிதியின் பொருளும் இதுவே.

ஆயின், விழிப்புடன் ஓட்டியும் மோத நேர்ந்தவர் தமக்கு வினையில்லை என்று சென்றுவிடலாமோ? இங்கே இரண்டு வினாக்களைப் பிரித்தறிய வேண்டும். ‘எனக்கு வினை உண்டா?’ என்பது ஒன்று. ‘வீழ்ந்தவருக்கு என்ன நேர்ந்தது?’ என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை கண்டவுடன் இரண்டாவதை மறப்பது தன்னலமேயாகும். நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்றாகிய அனுகம்பை இரண்டாவது வினாவையே கேட்கும்.

ஜப்பானின் கோபே நகரில் 2008-இல் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இரவில் மிதிவண்டியில் இறக்கத்தில் விரைந்து வந்து, 62 வயதுப் பெண்மணி மீது மோதினான். அவருக்கு நினைவு திரும்பவில்லை. மகனுக்குப் போதிய அறிவுரை கூறவில்லை என்று கண்ட நீதிமன்றம், சுமார் 9 கோடியே 50 இலட்சம் யென் இழப்பீடு தருமாறு தாய்க்கு 2013-இல் ஆணையிட்டது. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வகுத்த கட்டாயக் காப்பீடும் இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் சாதாரண மிதிவண்டிக்கு இல்லை. ஆகவே வீழ்ந்த ஏழைக்குப் பெரும்பாலும் மோதியவரின் மனச்சான்றே தீர்ப்பாயம்.

மிதிவண்டியை நான் பழிக்கவில்லை. புகையின்றிச் செல்லும் அது பிற வண்டிகளினும் அகிம்சைக்கு நெருங்கியது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே அதனை ஓட்டக் கற்ற பெண்கள் பெற்ற தன்னம்பிக்கையை நாடறியும். பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கித் தருவோர், பிரேக்கும் மணியும் சோதிக்கவும், நடப்போருக்கு வழிவிடவும் கற்பிக்கட்டும். மோத நேர்ந்தால், அவர் ‘ஒன்றுமில்லை’ என்றாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், மறுநாளும், மறுவாரமும், மறுமாதமும் அவர் வீடு சென்று நலம் கேட்கவும் கற்பிக்கட்டும்.

நான் அம்மாணவனுக்கு மன்னிப்புக் கேட்கக் கற்பித்தேன். திரும்பிச் சென்று பார்க்கக் கற்பிக்கவில்லை. உண்மை அறிந்த பின்னும் வெட்கத்தால் நானே அவ்வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்த ஜூனில் மாறுதலாகி வந்துவிட்டேன். ஆண்டுதோறும் தசலட்சண பர்வத்தின் நிறைவில் அனைத்துயிர்களிடமும் க்ஷமை வேண்டுகையில், அந்த மூதாட்டியும், பெயர் நீக்கப்பட்ட அச்சிறுமியும் என் கண்முன் நிற்கின்றனர். அனைத்துயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுதல் எளிது. ஒரே ஒருவர் வீட்டு வாயிலுக்குச் சென்று வேண்டுதலே கடினம்.