அழுதா முருகன் கோவிச்சுக்குவாரா?

ஓம் சரவணபவ!

இன்னிக்கு என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லப் போறேன். பொறுத்துக்கோங்க.

போன வருஷம் கந்தசஷ்டி. காப்புக் கட்டி விரதம் இருந்தேன். நாலாம் நாள் விடியக்காலம் அம்மா போயிட்டாங்க. காப்பைக் கழற்றி வெச்சுட்டு கொள்ளி வெச்சேன். துக்கத்துக்கு வந்த ஒருத்தர், "விரதத்துல ஏதாவது குறை வெச்சியாப்பா?"ன்னு கேட்டார். இன்னொருத்தர் தோளைத் தட்டி, "முருக பக்தன் நீ, அழலாமா?"ன்னார்.

ரெண்டு பேரும் நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா அந்த ரெண்டு வார்த்தையும் எனக்குள்ள முள்ளா நின்னுடுச்சு. ஒரு வருஷத்துக்குக் கோவிலுக்குப் போகக் கூடாதுன்னு வீட்டுல சொன்னாங்க. எனக்கு அது நல்ல சாக்காப் போச்சு. பூஜை அலமாரியைச் சாத்தினவன்தான், திறக்கவே இல்லை.

நான் இருக்கிறது மறைமலை நகர். வேலை ஒரகடம் பக்கம், மூணு ஷிப்ட். தினமும் ஸ்டேஷன்ல அந்தப் பேர்ப் பலகையைப் பார்த்துக்கிட்டே போவேன். இது யாரோட பேர்னு ஒருநாள்கூட யோசிச்சதில்லை. தூக்கம் வராத ஒரு ராத்திரி, அவரைப் பத்தி எடுத்துப் படிச்சேன்.

மறைமலை அடிகள் 1876ல நாகப்பட்டினத்துல பிறந்தவர். ரொம்ப நாள் பிள்ளையில்லாம இருந்த அவரோட பெற்றோர், திருக்கழுக்குன்றம் வேதகிரீசுவரரை வேண்டிப் பெற்ற பிள்ளை. அதனால வேதாசலம்னு பேர் வெச்சாங்க. பின்னாடி அவரே அதைத் தமிழாக்கிக்கிட்டார். வேதம்னா மறை, அசலம்னா மலை. திருக்கழுக்குன்றம் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துலதான் இருக்கு. ஒரு அம்மா அப்பாவோட வேண்டுதலைத்தான் இத்தனை வருஷமா ஸ்டேஷன் பலகையில பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்!

அதுக்கப்புறம் படிச்சதுதான் என்னை உலுக்கிடுச்சு.

அடிகளுக்கு ஒரு சமயம் உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு. திருவொற்றியூர் முருகனை வேண்டிக்கிட்டார். குணமாச்சு. நன்றிக்குப் பாடினதுதான் 'திருவொற்றி முருகர் மும்மணிக்கோவை'. 1900ல வந்த நூல். அடுத்த வருஷமே, 1901ல, அவருக்குச் சைவ சித்தாந்தம் சொல்லிக் கொடுத்த குரு சோமசுந்தர நாயகர் காலமாயிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. தன்னைக் காப்பாத்தின அதே முருகன், குருவை அழைச்சுக்கிட்டார். அடிகள் சாதாரண ஆளா? உயிர் என்றும் உள்ளது, உடம்புதான் போகும்னு ஊருக்கே எடுத்துச் சொல்லக்கூடிய படிப்பு. அப்படிப்பட்டவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு "இதெல்லாம் மாயை"ன்னு பேசாம இருந்தாரா? இல்லை. 'சோமசுந்தரக் காஞ்சி'ன்னு ஒரு நூலே பாடினார். முழுக்கப் பிரிவுத் துயரம்.

கொடுத்தப்போ ஒரு பாட்டு, எடுத்தப்போ ஒரு பாட்டு. நான் கொடுத்தப்போ மட்டும் பாடுற பக்தன். எடுத்ததும் அலமாரியைச் சாத்தினவன்.

நாம எல்லாரும் ஸ்டேட்டஸ்ல வைக்கிறோமே, "யாமிருக்க பயமேன்"னு. அதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. பயம் ஏன்னுதான் இருக்கு. துக்கமே வராதுன்னு இல்லை, அழாதேன்னும் இல்லை. நாமளா சேர்த்துக்கிட்டது அது.

இன்னொண்ணும் சொல்றேன். சூரசம்ஹாரத்துல சூரன் அழிஞ்சுட்டான்னு பேசுறோம். ஆனா கதை அப்படியா முடியுது? மாமரமா நின்னவனை வேலால ரெண்டாப் பிளந்தார். ஒரு பாதி மயிலாச்சு, இன்னொரு பாதி சேவலாச்சு. எதிர்த்து நின்னதையே வாகனமாவும் கொடியாவும் வெச்சுக்கிட்டவர் நம்ம ஆள். நம்ம துக்கத்தையும் அவர் துடைச்செடுக்க மாட்டார். ஆனா நம்மைச் சுமந்து போறதா அதை மாத்துவார். குரு போன துக்கத்தோட அடிகளும் நின்னுடலை. 1905ல சைவ சித்தாந்த மகா சமாஜம் உருவாக முன்னால நின்னார். குரு சொல்லிக் கொடுத்தது ஊருக்கெல்லாம் போச்சு.

சரி, அலமாரி எப்போ திறந்ததுன்னு கேட்பீங்க.

ஒரு நைட் ஷிப்ட். கேன்டீன்ல சாப்பாட்டுப் பையைத் துழாவினேன். அடியில ஒரு காகிதப் பொட்டலம். வல்லக்கோட்டை விபூதி. அம்மா கிருத்திகை தவறாம அங்கே போவாங்க. ஏழு அடி உயர முருகன். "அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்குதுடா, ஆனா மனசு வலி போயிடுது"ன்னு சிரிப்பாங்க. வந்ததும் எனக்குத் தெரியாம என் பையில விபூதியைப் போட்டுடுவாங்க. அப்படிப் போட்டதுல கடைசிப் பொட்டலம் இது.

பக்கத்துல எங்க லைன்ல வேலை பார்க்கிற ஒடிசா தம்பி. "என்னது அண்ணா?"ன்னான். முருகன்னு சொல்லி, பொட்டலத்துல இருந்த படத்தைக் காட்டினேன். மயிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துடுச்சு. "எங்க ஊர்ல கார்த்திகேஸ்வர்! கட்டாக்ல பெரிய பூஜை!"ன்னான். அப்புறம் மெதுவா, "அம்மா கொடுத்தாங்களா?"

தலையாட்டினேன்.

"எனக்கும் கொஞ்சம் வை அண்ணா. எங்க அம்மா ரொம்ப தூரம்."

அவன் நெத்தியில வெச்சேன். விரல்ல மிச்சம் இருந்ததை என் நெத்தியில பூசிக்கிட்டேன். அப்போதான் உடைஞ்சு அழுதேன். அவன் எதுவும் சொல்லலை. தண்ணி டம்ளரை என் பக்கம் நகர்த்தி வெச்சான், அவ்வளவுதான். ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து விளக்கேத்தினேன்.

அம்மா திரும்ப வரலை. வலியும் போகலை. ஆனா தனியா இல்லைன்னு தெரிஞ்சுது. எனக்கு அது போதும்.

இந்த சஷ்டிக்கு நான் மறுபடியும் காப்புக் கட்டுறேன். நீங்களும் ஒண்ணு செய்யுங்க. உங்க நட்புல யாராவது சமீபத்துல ஒருத்தரை இழந்திருந்தா, படம் அனுப்பாதீங்க, போன் பண்ணுங்க. "அழாதே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து தண்ணி கொடுங்க. முருகன் அங்கேதான் இருப்பார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!