பணி துறத்தலும் பற்றுத் துறத்தலும்

அரியலூரில் அரசுப் பள்ளி ஆசிரியராயுள்ள அன்பர் ஒருவர், அகவை 52 நிரம்பியவர், "60 வரை காத்திராது இப்பொழுதே ஓய்வு பெற்றுச் சிவத்தொண்டில் அமரலாமோ?" என எம்மை வினவினார். விதி தடுக்கவில்லை; பொருள் போதுமோ என்பதே அவர்தம் ஐயம்.

முதற்கண் கணக்கிடுதல் வேண்டும். இன்று திங்கட்கு 20,000 ரூபாய் வேண்டும் இல்லத்திற்கு, விலை ஆண்டுதோறும் நூற்றுக்கு 6 வீதம் ஏறின், 12 ஆண்டிற் 40,000 வேண்டும். மருத்துவமும் மகள் கல்வியும் வேறு. இக்கணக்கை இழிவென ஒதுக்குதல் துறவன்று, அயர்ப்பேயாம்.

அரியலூர் மாவட்டத்துக் கண்டராதித்தம், திருவிசைப்பாப் பாடிய கண்டராதித்த சோழர் பெயரால் விளங்குவது. கல்வெட்டுக்கள் அவரை 'மேற்கெழுந்தருளின தேவர்' என்னும். அது துறவென்பாரும் மறைவென்பாரும் உளர். யாதாயினும், அவர் நீங்கிய ஞான்று மைந்தர் உத்தமசோழர் இளங்குழவி. அரசினை இளவல் அரிஞ்சயர் ஏற்றார். குழவியைச் செம்பியன் மாதேவியார் வளர்த்தார். கற்றளிகளும் பல எடுப்பித்தார். ஒருவர் இறக்கிய சுமையை இருவர் தாங்கினர்.

ஆதலின், 'எனக்குப் போதுமோ' என்பதனோடு, 'யான் இறக்குஞ் சுமை எவர் தோளில் ஏறும்? அவர் உளமொப்பினரோ?' என்பதும் வினவற்பாலது. இல்லாளை வினவாது பூணும் ஓய்வு அவர்மேல் வரியிடுதலை ஒக்கும். பணியை விட்ட துணையானே ஆணவம் விடாது; இருவினையொப்பு வகுப்பறையிலுங் கைகூடும்.

அன்பர் இல்லாளோடு அமர்ந்து கணக்கெழுதினார். மகள் கல்வி முடியுமளவும் மூன்றாண்டு பொறுத்தல் எனத் துணிந்தார். ஞாயிறுதோறும் திருமழபாடியில் திருவலகிடுகின்றார். அம்மூன்றாண்டையும் இறைவன் தொண்டெனவே கொண்டருளுவன்.