கல்விக்கு விலையாகும் மணம்

மணம் எதற்காக என்னும் வினாவுக்கு உலகம் பல விடைகளைக் கூறி வந்துள்ளது. அன்புக்காக என்பர் சிலர். அறத்துக்காக என்பர் சிலர். குடி வழிவழித் தழைப்பதற்காக என்பாரும் உளர். கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்காக என்று வெளிப்படையாகச் சொல்வாரைக் காண்பது அரிது. ஆயினும் அதன்பொருட்டு நிகழும் மணங்கள் இல்லாமல் இல்லை. அவற்றுள் சில சட்டத்தின் நிழலில் நடைபெறுகின்றன. சில உறவின் போர்வைக்குள் நடைபெறுகின்றன. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்பது ஆராயத்தக்கது.

அமெரிக்கக் கூட்டரசு வழங்கும் கல்வி உதவிநிதிக்கு ஒரு விதி உண்டு. பட்டப்படிப்பில் பயிலும் மாணவர் 24 வயதை எட்டும்வரை, பொதுவாகப் பெற்றோரைச் சார்ந்தவராகவே கொள்ளப்படுவார். உதவியின் அளவு பெற்றோரின் வருமானத்தையும் வைத்தே கணிக்கப்படும். தந்தை வசதியுள்ளவராயிருந்து, மகனின் படிப்புக்கு ஒரு காசும் தர மறுத்துவிட்டாலும், அவருடைய வருமானம் கணக்கில் ஏறிவிடும்; உதவி குறைந்துவிடும். இவ்விதிக்குச் சில விலக்குகள் உள. தாய்தந்தையரை இழந்தவர், படைப்பணி ஆற்றியவர், தாம் பேணவேண்டிய குழந்தையை உடையவர், மணமானவர் முதலியோர் தனித்து நிற்பவராகக் கருதப்படுவர். இவற்றுள் ஒருவர் தம் விருப்பப்படி மிக விரைவில் எய்தக்கூடிய நிலை மணமேயாகும். ஆகவே, பதிவு அலுவலகத்தில் கையொப்பமிட்டுவிட்டுப் பழையபடி தத்தம் விடுதி அறைக்குத் திரும்பினால் என்ன என்னும் எண்ணம் மாணவருக்கு எழுவது வியப்பன்று.

இதனை ஏமாற்று என்று உடனே முடிவு கட்டுதல் எளிது. ஆனால் அம்முடிவு அவசர முடிவாகும். விண்ணப்பப் படிவம் மணமானவரா என்று கேட்கிறதேயன்றி, எதற்காக மணந்தீர் என்று கேட்பதில்லை. மணந்தவர் ஆம் என்று எழுதினால் அது மெய்யே. மேலும், தந்தையின் பணம் மகனுக்குக் கிடைத்தே தீரும் என்று விதி தானாகவே ஒன்றை ஊகித்துக்கொண்டது. அவ்வூகம் பொய்த்த இடத்தில் மாணவன் மாற்றுவழி தேடுவதைப் பெருங்குற்றமாகப் பேசுவது முறையாகாது. ஒருவரையொருவர் விரும்பிய இருவர், படிப்பு முடிந்தபின் செய்யவிருந்த மணத்தை ஈராண்டு முன்னதாகவே பதிந்துகொண்டால், அங்கே பணம் நாளைத்தான் மாற்றியது, உள்ளத்தை மாற்றவில்லை.

அன்பு சிறிதுமின்றி, பட்டம் பெற்றவுடன் பிரிந்துவிடுவது என்னும் உடன்பாட்டோடு இருவர் கையொப்பமிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்றார் செருமானிய மெய்யியலறிஞர் காண்ட். அதிலுள்ள 'மட்டும்' என்னும் சொல் கவனத்துக்குரியது. கடைக்காரரும் ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் நமக்குக் கருவியாகவும் பயன்படுகின்றனர், அதில் இழுக்கில்லை. இருவரும் அறிந்து இசைந்தபின் இம்மணத்திலும் என்ன இழுக்கு என்று கேட்கலாம். இசைவு இருக்கிறது; ஆனால் மணம் அவ்விசைவின் எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. ஒருவர் நோயுற்றால் மற்றவரைத்தான் மருத்துவமனை தேடும். இருவருள் ஒருவருக்கு உண்மையிலேயே அன்பு அரும்பிவிடலாம்; மற்றவர் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். உதவிநிதிக்காகச் செய்த கணக்கில் இவற்றுக்கு இடமே ஒதுக்கப்பட்டிருக்காது.

மலேசிய நாட்டுச் சட்டம் இதனை வேறு வகையில் உணர்த்துகிறது. முஸ்லிம் அல்லாதாருக்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிறையாதவர் மணம்புரியப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது அச்சட்டம். மணமாகி ஈராண்டு கடவாமல், விதிவிலக்கான துன்பம் இருந்தாலன்றி, மணவிலக்குக் கோரி மனுச் செய்யவும் இயலாது. தாளில் மட்டுமே மணம் என்று பேசும் இளைஞர், அந்தத் தாளின் வலிமையை அறியாதவரே.

மணத்துக்குப் பணம் என்னும் முறையை அரசே வகுத்த வரலாறு தமிழகத்தில் உண்டு. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவுவதற்காக மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம் 1989இல் தொடங்கப்பட்டது. 2011இல் அது விரிவடைந்தது. பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு 25,000 ரூபாயும், பட்டமோ பட்டயமோ பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும், தாலிக்கு 4 கிராம் பொன்னும் வழங்கப்பட்டன. 2016இல் பொன் 8 கிராம் ஆயிற்று. பெண்ணைப் பள்ளியிலிருந்து இடையில் நிறுத்திவிடும் பெற்றோரைத் தடுத்து நிறுத்த இத்திட்டம் உதவியது என்பதை மறுத்தல் நன்றன்று. எனினும், படித்த பெண் மணம்புரிந்தால்தான் பணம் கைக்கு வரும். மேலும் படிக்கப்போகிறேன், மணம் இப்போது வேண்டா என்பவளுக்கு அத்திட்டத்தில் ஒன்றுமில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடி, 'தாசிகள் மோசவலை' என்னும் நூலை 1936இல் வெளியிட்டவர் இராமாமிர்தம் அம்மையார். பெண்ணுக்கு விலை வைப்பதை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவரின் பெயரால் தாலிப்பொன் வழங்கப்பட்டது ஒரு முரணே. 2022இல் அத்திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் என்று அது வகுக்கப்பட்டது. பெயர் அதுவே, ஆனால் பணம் தாலியை விட்டு விலகி ஏட்டைச் சேர்ந்தது.

பழந்தமிழர் கல்வியையும் பொருளையும் மணத்தோடு எவ்வாறு பொருத்தினர் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. தலைவன் ஓதுவதற்காகப் பிரிவான். பொருள் தேடவும் பிரிவான். ஓதற்பிரிவு மூன்றாண்டுக்கு மேற்படாது என்று தொல்காப்பியக் கற்பியல் வரையறுக்கிறது. தலைவியின் செல்வத்தைக் கொண்டு தலைவன் ஓதச் சென்றான் என்பது அகத்திணை மரபுக்கு அயலானது. பாலை வழியே தான் நடந்து, தானே தேடி வந்த பொருளே அவனுக்குப் பெருமை தந்தது.

இனி, உறவின் போர்வைக்குள் நடைபெறுவதைப் பார்க்கலாம். குளுவாங்குக்குத் தெற்கே, ஜொகூர் பாரு செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிற்றூர் ரெங்கம். சுற்றிலும் தோட்டங்கள், முன்னர் இரப்பர், பின்னர்ப் பெரும்பாலும் செம்பனை. இத்தகைய ஊரில் பிறந்த ஓர் இளைஞனுக்கு மருத்துவம் படிக்க விருப்பம்; அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை; தனியார் கல்லூரிக் கட்டணமோ குடும்பத்தின் கைக்கு எட்டாதது என்று வைத்துக்கொள்ளலாம். உறவினர் ஒருவர் முன்வருகிறார். "தம்பி படிக்கட்டும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், நம் பெண்ணைக் கட்டிக்கொள்ளட்டும்" என்கிறார். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இதனை எவரும் வணிகம் என்பதில்லை. உதவி என்பர், உறவு விட்டுப்போகக்கூடாது என்பர். மலாயா இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணிபுரிந்த யாழ்ப்பாணத்தார் பலர் இம்மண்ணில் ஈட்டியதை ஊருக்கு அனுப்பினர். அது உடன்பிறந்தாளின் சீதனமாயிற்று. படித்தவனுக்கும் அரசு வேலை பார்ப்பவனுக்கும் சீதனம் கூடுதல் என்பது அங்கு ஊரறிந்த செய்தி. படிக்கப்போகிறவனுக்கே முன்பணம் கட்டுவது அதன் இளைய கிளை.

இந்தியாவில் 1961இல் வந்த வரதட்சிணைத் தடைச் சட்டம், மணத்துக்கு ஈடாகத் தரப்படுவதே வரதட்சிணை என்று முதலில் வரையறுத்தது. ஈடாகத்தான் தரப்பட்டது என்பதை மெய்ப்பிப்பது அரிதாயிற்று. எல்லாம் அன்பளிப்பு என்றே இரு தரப்பாரும் சொல்லிவிடலாம் அன்றோ! 1984இல் அச்சொல்லை நீக்கி, மணத்தின் தொடர்பாகத் தரப்படுவது என்று திருத்தினர். உள்நோக்கத்தைச் சட்டத்தால் எட்டிப் பிடிக்க இயலவில்லை. அதனால் வலையை அகல விரித்தது.

அமெரிக்க மாணவர் இருவர் செய்யும் தாள் மணத்தைக் கேட்டு முகம் சுளிப்போர், இவ்வுறவு மணத்துக்குச் சந்தனம் பூசிக்கொண்டு செல்வர். உண்மையில் இதுவே கடியது. அங்கே இருவரும் சமநிலையில் நின்று பேசுகின்றனர். இருவருக்கும் நலன் உண்டு. இருவருக்கும் விலகும் உரிமையும் உண்டு. இங்கே பேசுவோர் தந்தையும் மாப்பிள்ளை வீட்டாருமே. பெண்ணுக்குச் செய்தி கடைசியில் தெரியும். அவளும் ஒரு கல்லூரியில் பயில்பவளாக இருக்கலாம். குடும்பத்தில் கல்விக்கென்று இருந்த பொருள் ஒருவனுக்கே போய்விட்ட பிறகு, அவள் மேற்படிப்பைப் பற்றிப் பேச்செடுக்கும்போது வீட்டில் அமைதி நிலவும்.

அவனுடைய நிலையும் இரங்கத்தக்கதே. 1997இல் நிறுவப்பெற்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தில் கடன் பெறும் மாணவனுக்கு, எவ்வளவு பெற்றான், திங்கள்தோறும் எவ்வளவு கட்டவேண்டும், எந்த ஆண்டில் முடியும் என்பதெல்லாம் எழுத்தில் உண்டு. கட்டிமுடித்த நாளில் அவன் எவருக்கும் கடன்பட்டவனல்லன். மாமனாரிடம் பெற்ற பணத்துக்குத் தவணையுமில்லை, இரசீதுமில்லை. மனைவியிடம் ஒரு கருத்து வேறுபாடு எழும் நாளிலும், தன் தாயை உடன் வைத்துக்கொள்ள விரும்பும் நாளிலும், அக்கணக்கு மீண்டும் திறக்கப்படும். அவளோ, கணவன் தன்னிடம் காட்டும் அன்பில் எவ்வளவு தனக்குரியது, எவ்வளவு தந்தை கட்டிய கட்டணத்துக்குரியது என்று பிரித்தறிய வழியின்றி இருப்பாள். அவனை நேரே கேட்டாலும், அவன் சொல்லும் விடையை அவளால் நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது.