தோட்டக்காரனா, சிருஷ்டிகரா?



ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு ஜெபம் முடிந்ததும், சர்க்கரை வியாதியுள்ள ஒரு தாயார் என்னிடம் வந்தார்கள். "ஐயா, நான் போட்டுக்கிற இன்சுலினைக் கிருமிக்குள்ள மனுஷ ஜீனை வச்சுத்தான் செய்றாங்களாமே! தேவனுடைய வேலையில கை வைக்கிறது பாவமில்லீங்களா? நாலு நாளா ஊசியை நிறுத்திட்டேன்" என்றார்கள். அவர்களை உடனே டாக்டரிடம் அனுப்பிவைத்தேன். ஆனாலும் அது நியாயமான கேள்வி. சபையார் எல்லாருக்கும் பதில் தெரிய வேண்டும்.

அவர்கள் கேள்விப்பட்டது மெய்தான். முன்பு மாடு, பன்றியின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தார்கள். 1978-ல் மனித இன்சுலினுக்குரிய ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டே இன்சுலினை உண்டாக்கினார்கள். 1982-ல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டிக்கொடுப்பேன் என்று தேவன் வாக்குப்பண்ணினார். அப்படியிருந்தும் அவன் புண்ணுக்கு அத்திப்பழத்தை வைத்துக் கட்டும்படி தீர்க்கதரிசி சொன்னானே (ஏசாயா 38). ஜெபியுங்கள், ஊசியையும் போடுங்கள். மருந்தை விடுவது விசுவாசம் ஆகாது.

அப்படியானால் மனுஷன் எதையும் செய்யலாமா? கூடாது. மூன்று காரியங்களை நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1. பெருமை இருக்கிறதா? 2010-ல் கிரெய்க் வென்டர் என்பவரின் குழு, ஒரு பாக்டீரியாவின் முழு டி.என்.ஏ.-வையும் ரசாயன முறையில் கோத்து எடுத்தது. 'செயற்கை உயிர்' என்று உலகமே பேசிற்று. ஆனால் நடந்தது என்ன? ஏற்கெனவே இருந்த ஒரு கிருமியின் டி.என்.ஏ.-வைப் பார்த்து எழுதி, அதை உயிரோடிருந்த வேறொரு கிருமிக்குள் வைத்தார்கள். எழுத்தும் கர்த்தருடையது, வீடும் கர்த்தருடையது! ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்குகிறவர் அவர் ஒருவரே. பாபேலில் செங்கல்லும் கீலும் பாவமல்ல, தங்களுக்குப் பேர் உண்டாக்க நினைத்ததே பாவம்.

2. பயபக்தியான கவனம் இருக்கிறதா? ஆதாமைத் தேவன் தோட்டத்தில் வைத்தது அதில் பாடுபடவும், அதைக் காக்கவும் (ஆதியாகமம் 2:15). நம் காவிரிக்கரை வாழையைப் பாருங்கள். விதை கிடையாது, பக்கக்கன்றை எடுத்து நடுகிறோம். எல்லாம் ஒரே ரத்தம். ஆகையால் ஒரு வாடல் நோய் வந்தால் தோப்பே போய்விடும். 2024-ல் ஆஸ்திரேலியா, காட்டு வாழையின் ஜீனை வைத்து அந்நோயைத் தாங்கும் வாழையைப் பயிரிட அனுமதித்தது. இது பாடுபடுதல். பி.டி. கத்தரிக்காய்க்கு 2009-ல் நிபுணர் குழு சம்மதித்தபோதும், மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊராய்ப் போய் ஜனங்களிடம் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார். இது காத்தல். காற்றிலும் மண்ணிலும் விட்டபின் திரும்பக் கூப்பிட முடியாதே! இரண்டும் வேண்டும், பிரியமானவர்களே.

3. ஏழைக்குப் பங்கு உண்டா? அறுப்பின்போது வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடச் சொன்னவர் நம் தேவன் (லேவியராகமம் 19). நம் நாட்டின் 2001-ம் ஆண்டுச் சட்டம், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்துவைக்கவும் விதைக்கவும் பகிரவும் உரிமை தருகிறது. எந்தப் புது விதையானாலும் அந்த உரிமையைப் பறித்து, சின்ன விவசாயியைக் கடனாளியாக்குமானால், ஆய்வுக்கூடத்தில் அது எவ்வளவு அருமையாயிருந்தாலும் கர்த்தருடைய தராசில் குறைவாகவே காணப்படும்.

நம் திருச்சியிலேயே 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நம் சபைப் பிள்ளைகள் பயோடெக்னாலஜி படிக்கிறார்கள். வாலிபரே, பயப்படாமல் படியுங்கள். கர்த்தருக்குப் பயந்து படியுங்கள். பெற்றோரே, அவர்களைத் திட்டாதிருங்கள், அவர்களுக்காக முழங்காலில் நில்லுங்கள். நாளைக்கு அவர்கள் கையில் ஒரு ஜீன் இருக்கும்போது, அந்தக் கை தோட்டக்காரனின் கையாயிருக்கட்டும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.