நேர்த்தியும் வெட்டுப்புள்ளியும்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய வெள்ளிக்கிழமை எங்கள் மாரியம்மன் சந்நிதியில் பேனாக்கள் குவியும். நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், எல்லா டிவிஷனுக்கும் பொதுவான சின்னக் கோயில் இது. பகலில் எனக்கு ஃபெக்டரியில் வேலை. காலையும் மாலையும் அம்மனுக்குப் பூசை, அப்பாவுக்குப் பிறகு என் பொறுப்பு. ஒவ்வொரு தாயும் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்வாள், தட்டில் பேனாவை வைப்பாள், பிறகு மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து அதே வேண்டுதலைச் சொல்வாள்: "எப்படியாச்சும் வெட்டுப்புள்ளிக்கு மேல வந்துறணும் சாமி."

பல வருஷமாக என் மனதை அறுக்கும் கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. பரீட்சைக்கு இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. 70 எடுத்தால் சித்தி என்று சான்றிதழ் கிடைக்கும். ஆனால் ஆறாம் ஆண்டுக்குப் பெரிய பாடசாலையில் இடமும் உதவிப்பணமும் வேண்டுமென்றால் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். அந்தப் புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறு. பிள்ளைகள் எழுதி முடித்த பிறகே அதைத் தீர்மானிக்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் எழுதுகிற பிள்ளைகள் எல்லோரும் நிற்பது ஒரே வரிசையில். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் ராகலையிலும் அதே வெள்ளிக்கிழமை வேறு பூசாரிகள் வேறு பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கற்பூரம் காட்டுகிறார்கள். ஒரு பிள்ளை மேலே வரவேண்டும் என்று நான் கேட்டால், முகம் தெரியாத இன்னொரு பிள்ளை கீழே போகவேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கிறேன். எல்லோருக்கும் தாய் என்று நாங்கள் கும்பிடுகிறவளிடம் இதை எப்படிக் கேட்பது?

பெரியவர்கள் சிலருக்கு விடை கைவசம் இருக்கிறது. கிடைப்பவனுக்குக் கிடைக்கும், எல்லாம் அவனவன் வினை என்பார்கள். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறாரே என்று சாட்சிக்கு அழைப்பார்கள். 38ஆம் அதிகாரம் அது, உண்மைதான். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, விடாத முயற்சியைப் பற்றியது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. தோற்ற பிள்ளையின் முன்னால் முதலாவதை மட்டும் எடுத்துப் பேசுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

எங்கள் ஆட்களின் கதையில் வினை என்ற பேச்சு இன்னும் மோசமான வேலை செய்திருக்கிறது. 1920இல் வந்த கல்விச் சட்டம், 6 வயதிலிருந்து 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டத்திலே படிப்பு வழங்கும் கடமையைத் துரைமாரிடம் கொடுத்தது. பத்து வயதோடு படிப்பு போதும் என்று சட்டமே நினைத்த காலம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டையே மாற்றியது. லயத்துப் பிள்ளைக்கு அதன் பங்கு உடனே கிடைக்கவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. என் அப்பா ஒரே வாத்தியார் ஒரே கூரையின்கீழ் ஐந்து வகுப்பையும் நடத்திய பள்ளியில் படித்து, அந்தப் பத்து வயதில் மலைக்குப் போனார். அது அவருடைய முற்பிறப்புக் கணக்கா? கையெழுத்திட்ட மனிதர்கள் இருந்தார்கள், திகதிகள் இருக்கின்றன. மனிதர் செய்ததை வினை என்று சொன்னால் அம்மனையும் அதற்கு உடந்தையாக்கிவிடுகிறோம். இன்று அதே பத்து வயதில் எங்கள் பிள்ளைகளின் முன்னால் இந்தப் பரீட்சை நிற்கிறது. 2024 செப்டம்பரில் முதலாம் வினாத்தாளின் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியே போயின. எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மூன்றுக்கும் முழுப்புள்ளி கொடுக்கும்படி டிசம்பர் 31ஆம் திகதி உயர்நீதிமன்றம் சொன்னது. இந்தப் புள்ளிகளைப் போடுகிறவர்களும் திருத்துகிறவர்களும் மனிதர்கள்தான் என்று அந்த மாதங்களில் தோட்டமே கண்டது.

பலனைப் பாராமல் கடமையைச் செய் என்ற கீதையின் வழி இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆனால் கண்ணன் அதைச் சொன்னது வளர்ந்த வீரனுக்கு. பத்து வயதுப் பிள்ளையிடம் பலனை நினைக்காதே என்று சொல்லிவிட்டு, தாயும் தகப்பனும் பலனை நினைத்து இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தால் பிள்ளை எதை நம்பும்? அந்த உபதேசத்தை முதலில் பெற்றவர்கள்தான் ஏற்கவேண்டும்.

எனக்கு வழி காட்டியது எங்கள் மலைச் சாமிகள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை தொடங்குமுன் எங்கள் ஆட்கள் மலையிலேயே கல் வைத்துக் கவ்வாத்துச்சாமியைக் கும்பிடுவார்கள். ஃபெக்டரியில் இயந்திரங்களுக்குக் காவலாக ரோதைமுனி இருக்கிறார். இந்தியாவிலிருந்து கூடவே வந்த சாமிகள் அல்ல இவர்கள், இந்த வேலைக்காகவே இங்கே பிறந்தவர்கள். கவ்வாத்துக்கத்தி எவ்வளவு கூர் என்று பிடித்தவனுக்குத் தெரியும், கொஞ்சம் தவறினால் முழங்காலைப் பிளந்துவிடும். அப்பா அங்கே சொல்லுகிற வேண்டுதலைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கத்தி கைகாலில் படக்கூடாது, அட்டையும் பாம்பும் அண்டக்கூடாது, போன ஆள் எல்லாம் முழுசாகத் திரும்பவேண்டும். பக்கத்து ஆளைவிட என் நிரையில் அதிகம் வெட்டவேண்டும் என்று ஒரு சொல்லும் அதில் கிடையாது. வேலையை மனிதன் செய்வான், வேலை அவனைக் காயப்படுத்தாமல் இருக்கச் சாமி பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அந்த உடன்பாடு. பரீட்சையும் காயப்படுத்துகிற வேலைதான். பெறுபேறு வந்த அன்று லயத்துக் கோடியில் ஒளிந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அம்மனுக்கு என்னைப் பிடிக்கவில்லையா என்று ஒரு சிறுமி என்னிடமே கேட்டிருக்கிறாள்.

அந்தக் கேள்வி நேர்த்தியிலிருந்து வருகிறது. "பாஸ் பண்ணினா தீச்சட்டி எடுக்கிறேன்" என்று தாய் பிள்ளையின் காதுபடச் சொல்கிறாள். அம்மாவுக்கும் அம்மனுக்கும் நடுவில் இருக்கும் கணக்குத் தன் தலையில் ஏறிவிட்டது என்று அந்தப் பிள்ளை விளங்கிக்கொள்கிறது. இதை வேண்டாம் என்று நான் ஒரு தாயிடம் சொல்லப்போனேன். கொழுந்துச் சாக்கைக்கூட இறக்கிவைக்காமல் நின்று அவள் சொன்னது இது: "பூசாரித் தம்பி, எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பேப்பர்ல கட்டம் கட்டமா என்னமோ இருக்கு, நான் நேராத்தான் புடிச்சிருக்கேனான்னுகூடத் தெரியல. அவுங்கப்பா கொழும்புல கடையில நிக்கிறாரு. மத்தப் புள்ளைங்க கிளாசுக்குப் போகுதுங்க, எங்கிட்ட அதுக்குக் காசு இல்ல. எம்புள்ளைக்கு என்னால முடிஞ்சது இந்த நேர்த்தி ஒண்ணுதான். அதையும் வேணாங்கிறியா?"

இதற்குமேல் தத்துவம் பேச முடியாது. படிப்பு இல்லாத தாய் பிள்ளையின் படிப்புக்குள் நுழைய அவளுக்கு இருந்த ஒரே கதவு அந்த நேர்த்தி. அதைச் சாத்துகிற உரிமை எனக்கு இல்லை. ஆகவே நேர்த்தி இருக்கட்டும், நேரத்தை மாற்று என்றேன். பரீட்சை எழுதி முடித்த மறு வெள்ளி, பெறுபேறு வருவதற்கு முன்னமே, பிள்ளையின் கையைப் பிடித்து வந்து செலுத்திவிடு. என் பிள்ளை உட்கார்ந்து படித்தான், பயந்தும் எழுதினான், அதற்காக என்று அம்மனிடம் சொல். பிறகு வருகிற புள்ளி எதுவானாலும் உனக்கும் அவளுக்கும் பாக்கி இல்லை.

விரதமும் இருப்பேன் என்றாள். அப்படியானால் சாப்பாட்டை விடாதே, மலை ஏற உடம்பு வேண்டும், இரவு டிவி நாடகத்தை விடு என்றேன். அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார். ஒவ்வொரு கேள்வியையும் உனக்கு வாசித்துக் காட்டச் சொல், ஏன் அந்த விடை என்று உனக்கு விளங்கும்வரை சொல்லச் சொல். தெரிந்தவரிடம் பிள்ளை விடையை மட்டும் ஒப்பிக்கும். தெரியாத உனக்கு அது வழியையும் சொல்லியாக வேண்டும், சொல்லும்போது தன் பிழையைத் தானே பிடிக்கும். காசு கொடுத்தால்கூடக் கிடைக்காத உதவி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவள் தீச்சட்டியை முன்னமே எடுத்தாள். பையன் 70ஐத் தாண்டினான், வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. அவள் அழுதாள், அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவன் ஒளியவில்லை. அடுத்த வெள்ளி விபூதி வாங்க வந்தான்.

இப்போது அர்ச்சனையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளின் பெயரும் நட்சத்திரமும் ஒரே சங்கல்பத்தில் வரும், மற்றத் தோட்டங்களில் எழுதும் பிள்ளைகளும் என்று சேர்த்துச் சொல்வேன். கை நடுங்கக்கூடாது, படித்தது மறக்கக்கூடாது, வீடு திரும்பும்போது மனம் உடைந்திருக்கக்கூடாது என்று அப்பாவின் முறையில் கேட்கிறேன். வெட்டுப்புள்ளியை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாய்மார் மனதுக்குள் சொல்வார்கள், அது அவர்களுக்கும் அம்மனுக்கும் இடையில் உள்ளது.

ஒன்று மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஆறாம் ஆண்டில்தான் பாடங்கள் திடீரென்று பெருகுகின்றன. கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு ஆசிரியர். பல பிள்ளைகளுக்குப் பாடசாலையும் தூரமாகிவிடும், பஸ்ஸுக்காக இருட்டிலே எழும்ப வேண்டும். புலமைப்பரிசிலோடு பெற்றவர்களின் கவனமும் ஓய்ந்துபோவது அந்த நேரத்தில்தான். ஆறாம் ஆண்டு தொடங்கும்போது யாரும் கோயிலுக்குப் பேனா கொண்டுவருவதில்லை. இந்த முறை நானே லயம் லயமாகப் போய், ஆறாம் ஆண்டுக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளையும், சித்தியடைந்தவர் அடையாதவர் என்று பார்க்காமல், புதிய கொப்பிகளோடு முதல் வெள்ளிக்கிழமை அழைத்துவரும்படி சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் பக்கத்தில் இரவில் உட்காரும் விரதத்தைத் தாய்மார் அன்றைக்கே மறுபடி தொடங்கவேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.